விகாரையும் வீடும்

ஸ்ரீவிஜய மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் நாகப்பட்டினத்தில் எழுப்பியது சூளாமணி விகாரை. சிவபக்தனான முதலாம் இராசராசன் அதற்கு ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்தப் பள்ளிக்கான நிலக்கொடையாக, விட்டான். மகன் இராசேந்திரன் அந்தக் கொடையைச் செப்பேட்டில் பொறித்தான். 1090இல் முதலாம் குலோத்துங்கன் மறுபடி உறுதி செய்தான். இத்தனை பேர் காத்த சமயம் எப்படிக் காணாமல் போனது? 1856 முதல் அந்த ஊர் மண்ணிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. மிஞ்சி நின்ற செங்கல் கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள். தடுக்க ஊரில் ஒரு பௌத்தர்கூட இல்லை.

பக்தி இயக்கத்தின் பகையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். பகை இருந்தது உண்மைதான். ஆனால் அது மட்டுமே காரணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. அறிவில் குறைவில்லாத சமயம் அது. காஞ்சியில் பிறந்த தருமபாலர் நாளந்தாவுக்குத் தலைவரானார். தமிழுக்கு வீரசோழியம் என்ற இலக்கணத்தைத் தந்த புத்தமித்திரர் பௌத்தர். ஆனால் அந்த அறிவெல்லாம் அரசர் கொடையிலும் கடல் வணிகர் செல்வத்திலும் உண்டு வளர்ந்தது. உழவன் வீட்டில் பிள்ளை பிறந்தால், பெண்ணுக்குத் தாலி ஏறினால், சாவு விழுந்தால், அந்த வீட்டுக்கு விகாரை என்னவாக இருந்தது? பெரிதாக ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன். தேவாரமோ ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊர்ப் பெயரையே பாட்டாக்கியது. கொடை நின்றதும் விகாரை விழுந்தது. தாங்கிப் பிடிக்க வீடுகள் இல்லை.

இத்தனைக்கும் மணிமேகலை என்றோ வழிகாட்டியிருந்தாள். அமுதசுரபியை ஏந்தி அவள் போனது பசித்தவர்களிடம், சிறைக்கோட்டத்துக்குள்ளேயும்.

அவள் போன வழியில் பௌத்தம் திரும்பி வந்தது. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றார். சென்னையில் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அவருக்குப் பள்ளிச்சந்தம் தர அரசன் எவனும் இல்லை. 1907இல் தொடங்கிய அவருடைய வார இதழின் பெயரே ‘ஒரு பைசாத் தமிழன்’. கோலார் தங்கவயலில் பாதாளத்துக்குள் இறங்கி வேலை செய்தவர்கள் அதைப் படித்தார்கள், சங்கக் கிளை வைத்தார்கள், கல்யாணத்தையும் இறுதிச் சடங்கையும் பௌத்த முறையில் நடத்தினார்கள். ஊருக்குள் தீண்டத்தகாதவன் என்று விலக்கப்பட்ட ஒருவன், தன் தகப்பனைத் தலைநிமிர்ந்து அடக்கம் செய்ய முடிந்தது. எந்தச் சோழனின் கொடையையும்விட அந்தச் சமயத்துக்கு இதுவே பெரிய வாழ்வு என்பேன். ஒரு சமயத்துக்கு உயிர் இருக்கிறதா என்பதை அதன் கோபுரத்தில் பார்க்கக் கூடாது. ஊர் ஒதுக்கிய மனிதன் வீட்டு நல்லது கெட்டதுக்கு அது வந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அம்பேத்கருக்கு இது தெளிவாகத் தெரிந்திருந்தது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் முதிய பிக்கு சந்திரமணியிடம் தீக்கை பெற்றவர், திரண்டிருந்த இலட்சக்கணக்கான மக்களுக்குத் தாமே தீக்கை தந்தார். கூடவே அவர் தந்த 22 உறுதிமொழிகளில் சிராத்தம் செய்வதில்லை, பிண்டம் வைப்பதில்லை, பார்ப்பனரைக் கொண்டு சடங்கு செய்விப்பதில்லை என்பவையும் உண்டு. எல்லாம் வீட்டுக்குள் நடப்பவை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அவர் மறைந்தார். டிசம்பர் 7 அன்று பம்பாயில் பௌத்த முறைப்படி அவருக்கு எரியூட்டினார்கள். அந்த இடத்திலேயே பெருங்கூட்டம் பஞ்சசீலம் ஏற்றது.