கால்நடை மரபியலும் கருணை நெறியும்

உயிர்க்கொலை தவிர்த்தலை முதற் சீலமாக ஏற்ற இளைஞன் ஒருவன், கால்நடை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றபின், கால்நடை உற்பத்திக்குப் பயன்படும் உயர்நிலை மரபியலைக் கற்க விழைகின்றான் என வைத்துக்கொள்வோம். அவன் அதனைக் கற்கலாமா? கற்றால் அவனது சீலம் பழுதுபடுமா? இவ்வினாவுக்கு எளிய விடைகள் இரண்டு உண்டு. கல்வி எதுவாயினும் நன்றே, அதைப் பயன்படுத்துவோர் செய்யும் தீமை கல்வியைச் சாராது என்பர் ஒரு சாரார். விலங்கைப் பண்டமாக்கும் கல்வி யாவும் பாவமே, அதனை அணுகவும் ஆகாது என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஆராயுமுன்னரே முடிவு கூறுகின்றனர். நாம் முதலில் பொருளின் இயல்பை அறிந்து, அதன்பின் அறத்தை ஆராய்வோமாக.

மனிதன் ஆட்டையும் மாட்டையும் பழக்கிய நாள் தொட்டு, நல்லதெனத் தோன்றிய காளையைத் தேர்ந்து இனம் பெருக்கியே வந்திருக்கின்றான். இற்றைநாள் மரபியல் அத்தேர்வைப் பன்மடங்கு விரைவுபடுத்தியுள்ளது. முன்னர் ஒரு பொலிகாளையின் தகுதியை அறிய, அதன் பெண்கன்றுகள் வளர்ந்து, ஈன்று, பால் தரும்வரை ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2009ஆம் ஆண்டில் பசுவின் மரபணுத் தொகுதி வரிசைப்படுத்தி வெளியிடப்பட்டது. இன்று கன்றின் சிறிதளவு இரத்தத்தைக் கொண்டே அதன் வருங்காலப் பயனை மதிப்பிட இயலுகின்றது. அதே 2009இல், அரியானா மாநிலத்துக் கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தில், கரிமா எனப் பெயரிடப்பட்ட எருமைக் கன்று குளோனிங் முறையில் பிறந்தது. இவ்வறிவு தொலைநாட்டுச் செய்தி அன்று. நம் நாட்டிலேயே வேரூன்றிவிட்டது.

இவ்வாற்றல் எத்துணைப் பெரிது என்பதற்குக் கறிக்கோழியே சான்று. கனடா நாட்டு ஆல்பர்ட்டாப் பல்கலைக்கழகத்தார் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்துக் கோழி வகைகளை ஒரே தீவனமிட்டு ஒருங்கே வளர்த்து, அதன் முடிவை 2014இல் வெளியிட்டனர். 56ஆம் நாளில் முதல் வகை 905 கிராமும், இரண்டாம் வகை 1,808 கிராமும், மூன்றாம் வகை 4,202 கிராமும் எடை இருந்தன. தீவனம் ஒன்றே ஆதலின், இவ்வேறுபாட்டை விளைத்தது மரபே என்பது தெளிவு. ஆனால் சதை வளர்ந்த வேகத்துக்கு எலும்பும் இதயமும் ஈடுகொடுக்கவில்லை. இவ்வினக் கோழிகள் பல நொண்டி நடக்கின்றன. சில நிற்கவும் மாட்டாமல் வீழ்கின்றன. இவற்றை ஈனும் தாய்க் கோழிகளின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. வயிறார உண்ணவிட்டால் அவை அளவுமீறிப் பருத்து, இனம் பெருக்கும் திறனை இழக்கும். ஆதலால் அவற்றைப் பசியிலேயே வைத்து வளர்க்கின்றனர். உண்டாலும் துன்பம், உண்ணாவிடினும் துன்பம் என்னும் நிலையில் ஓர் உயிரை மனிதன் படைத்துவிட்டான்.

மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரன், வேள்வியில் பலியிடக் கட்டிவைத்திருந்த பசுவைக் கண்டு இரங்கி, அதனை விடுவித்துக் கொண்டுசென்றான். அவனுக்கு ஒரு வசதி இருந்தது. பசுவின் துன்பம் அதன் உடலுக்கு வெளியே கயிறாகக் கட்டப்பட்டிருந்தது, அவிழ்த்தால் தீர்ந்தது. உடலுக்குள்ளேயே பின்னப்பட்ட கயிற்றை எவ்வாறு அவிழ்ப்பது? கறிக்கோழியைக் கூண்டிலிருந்து விடுவித்துப் பசும்புல் வெளியில் விட்டாலும், அதன் கால்வலி அதனுடனே செல்லும். கொடிய வளர்ப்பாளனிடமிருந்து விலங்கை மீட்கலாம். அதன் பிறப்பிலிருந்து அதனை மீட்க இயலாது. கொலைஞனின் வினை ஓருயிரோடு முடிகின்றது. இனப்பெருக்க அறிஞனின் வினையோ, இன்னும் பிறவாத தலைமுறைகளின் உடலில் எழுதப்படுகின்றது. இக்கல்வியின் தனித்தன்மையும், அதனால் எழும் பொறுப்பும் இதுவே.

அங்ஙனமாயின் இக்கல்வியை ஒதுக்கிவிடுவதே நன்றன்றோ எனின், அன்று. அதே அறிவு துன்பத்தைக் களைந்த வரலாறும் உண்டு. பன்றிகளுள் சில, இடம் மாற்றும்போது உண்டாகும் அச்சத்தினாலும் அலைச்சலினாலுமே உடல் விறைத்து மாண்டுபோகும். இதற்குக் காரணமான மரபணுக் குறையை 1991இல் கண்டறிந்தபின், அக்குறையுடையவற்றை இனப்பெருக்கத்தினின்று விலக்க வழி பிறந்தது. நார்வே நாட்டினர் 1978 முதல், பாலின் அளவோடு மடிநோயை எதிர்க்கும் தன்மையையும் பசுக்களின் தேர்வு அளவையில் சேர்த்தனர்.

இவற்றினும் வியப்புக்குரியது, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் முட்டைக்கோழிகளைக் கொண்டு நடத்திய சோதனை. அதன் முடிவு 1996இல் வெளிவந்தது. மிகுதியாக முட்டையிடும் கோழியைத் தனித்தனியே தேர்ந்தெடுத்தால், அண்டைக் கோழிகளைக் கொத்தி ஒடுக்கி முன்னேறும் முரட்டுக் கோழியும் தேர்வு பெற்றுவிடும். அங்கு ஆராய்ந்தோர் தனிக்கோழியை நோக்காது, ஒரே கூண்டில் வாழும் உடன்பிறந்த கூட்டம் முழுவதன் பயனையும் நோக்கித் தேர்ந்தனர். ஆண்டுக்கு நூற்றுக்கு 68ஆக இருந்த இறப்பு, சில தலைமுறைகளிலேயே 8.8ஆகக் குறைந்தது. முட்டையும் பெருகிற்று. அக்கோழிகள் கூண்டிலேயே இருந்தன என்பதை மறவோம். ஆயினும், எதனை அளவையாகக் கொண்டு தேர்கின்றோமோ அதுவே உயிரின் இயல்பாகிவிடுகின்றது என்னும் உண்மை இதனால் விளங்குகின்றது. மூர்க்கத்தைத் தேர்ந்தால் மூர்க்கம் விளையும். இணக்கத்தைத் தேர்ந்தால் இணக்கம் விளையும்.

வினையின் வேர் எண்ணத்திலே உள்ளது என்பது பகவான் புத்தர் காட்டிய நெறி. இங்கு ஒரு தடை எழலாம். கறிக்கோழியை உருவாக்கியோர் எவரும் அதன் கால் நோகவேண்டும் என்று எண்ணவில்லையே. மலிவான உணவைத்தானே எண்ணினர்? உண்மைதான். அவர்களிடம் பகை இல்லை. ஆனால் தீவினைக்கு வேர் பகை ஒன்றே அன்று. அவாவும் மயக்கமும் உடன் கூறப்பட்டுள்ளன. எடையை நாள்தோறும் நிறுத்துக் குறித்தவர், நடையை உற்றுநோக்கத் தவறியது மயக்கமே. காணக்கூடியதைக் காணாதிருத்தலும் எண்ணத்தின்பாற்பட்டதே. ஓராண்டில் தவறியதை அறியாமை எனலாம். கண்ட பின்னும் தொடர்ந்தால் அதற்கு வேறு பெயர் உண்டு.

ஏழைகளின் பசிக்கு விடை என்ன என்று கேட்போர் உளர். அக்கேள்வியைத் தள்ள இயலாது. இரண்டு மாடுகளைக் கொண்டு பிழைக்கும் உழவனுக்கு, ஒரு படி பால் கூடுவது பிள்ளையின் படிப்புச் செலவு. பாலின் அளவை நோக்குவது குற்றமன்று. அதனை மட்டுமே நோக்குவதே குற்றம். கேரளத்து வேச்சூர்ப் பசு மூன்றடி அளவே உயரமுடையது, சிறிதளவு தீவனத்தில் வாழ்வது, வெப்பத்தைத் தாங்குவது. அயல்நாட்டுக் காளைகளோடு கலப்பினம் பெருக்கிய காலத்தில், கறக்கும் பாலின் அளவே பேசப்பட்டமையால் இவ்வினம் அழியும் நிலையை எய்திற்று. 1989 முதல் திருச்சூரையடுத்த மண்ணுத்தியில், கேரள வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியை சோசம்மா ஐப்பும் அவர்தம் மாணவர்களும் எஞ்சியவற்றைத் தேடித் திரட்டி அதனைக் காத்தனர். அவர்கள் கற்றதும் இதே மரபியலே.

பால் குற்றமற்ற உணவு என எண்ணுவோர் ஒன்றனை மறத்தலாகாது. உழவுக்கு எருது வேண்டாத இக்காலத்தில், காளைக்கன்று பிறந்தவுடனே சுமையாகக் கருதப்படுகின்றது. அவற்றுட் பல பாலின்றி வாடியும், தெருவில் விடப்பட்டும் மடிகின்றன. பெரும்பாலும் பெண்கன்றே பிறக்கும்படி விந்தணுக்களைப் பிரித்தெடுக்கும் முறை இன்று நம் நாட்டிலும் வழங்குகின்றது. பிறந்ததைப் பட்டினியிடுவதினும், பிறவாமலே தடுப்பது நன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் இம்முறையிலும் சில காளைக்கன்றுகள் பிறக்கவே செய்யும். பிறந்துவிட்ட உயிருக்கு நாம் செலுத்தவேண்டிய கடனை எந்த விஞ்ஞானமும் நமக்காகச் செலுத்தாது.

ஆகவே, நாம் கூறிய இளைஞன் கற்கலாம். நிபந்தனையோடு கற்க வேண்டும். ஒரு பண்பைத் தேர்ந்தெடுக்கும் முன் அவன் மூன்று வினாக்களைத் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். இப்பண்போடு பிறக்கும் உயிர் நோவின்றி நிற்கவும், நடக்கவும், உண்ணவும், ஈனவும் இயலுமா? இதனால் வரும் ஆதாயத்துக்காக எவ்வுயிர் வேண்டாததாகித் தள்ளப்படும்? தவறு நேர்ந்தால் திரும்பிவர வழி உண்டா? இவற்றுக்கு விடை கூறவியலாத இடத்தில் அவன் கையை எடுத்துக்கொள்வதே சீலம்.

ஓர் எல்லையையும் கூறிவிடுதல் வேண்டும். உயிர் வாணிகத்தையும் ஊன் வாணிகத்தையும் இல்லறத்தார் விலக்கவேண்டிய தொழில்களுள் வைத்தார் பகவான். கொல்லுதற்கென்றே வளர்க்கும் உயிரை நோவின்றி வளர்க்கச் செய்வது துன்பத்தைக் குறைக்கும், அத்தொழிலைத் தூயதாக்கிவிடாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மனத்தை ஆற்றிக்கொள்வோர் தம்மையே ஏமாற்றிக்கொள்கின்றனர். ஆனால், கருணையுடையோர் அனைவரும் இக்கல்வியைக் கைவிட்டு விலகினால், நாளைப் பிறக்கும் கன்றின் உடலை ஆதாயம் ஒன்றையே அறிந்தோர் எழுதுவர். வாயில்லா அவ்வுயிரின் பக்கத்தில் நின்று ஒரு சொல் கூறுதற்கேனும், அறிந்தவன் ஒருவன் அங்கே இருத்தல் வேண்டும்.