தச்சனின் உளியும் ஆசானின் உள்ளமும்

கற்பித்தவரைக் கற்றவர் விஞ்சும் நாள் வந்தால், கற்பித்தவரின் உள்ளம் குளிருமா, கொதிக்குமா? அனந்தபுரிக் கோட்டைக்குள் குதிரை மாளிகையின் முன் நிற்கும்போதெல்லாம் இவ்வினா நம் உள்ளத்தில் எழுவதுண்டு. சுவாதித் திருநாள் மன்னர் (1813–1846) எழுப்பிய அம்மாளிகையின் கூரைத் தாழ்வாரத்தில் 122 மரக்குதிரைகள் துள்ளி நிற்கின்றன. அவற்றைச் செதுக்கிய கைகள் அத்திறனைப் பிறப்பிலேயே பெற்று வந்தவை அல்ல. உளி பிடிக்கவும், மரத்தின் வைரத்தையும் வெள்ளையையும் பிரித்தறியவும் ஒவ்வோர் இளைய கைக்கும் ஒரு மூத்த கை கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

மலையாள நாட்டில் வழங்கும் பெருந்தச்சன் கதையை நம்முள் பலரும் கேட்டிருப்போம். வரருசியின் மக்கள் பன்னிருவருள் ஒருவர் அவர். பாலத்தில் வருவோர்மீது நீர் உமிழும் பாவையொன்றை அவர் அமைத்தார். அவர் மைந்தனோ, அப்பாவை உமிழுமுன் அதன் கன்னத்தில் அறையும் மற்றொரு பாவையை அமைத்தான். ஊரார் மைந்தனைப் புகழ்ந்தனர். பின்னொரு நாள் கோயில் பணியில் உயரே இருந்த தந்தையின் உளி, கீழே நின்ற மைந்தனின் கழுத்தில் வீழ்ந்தது, அவன் மாண்டான். கைப்பிழை என்பர் சிலர். அழுக்காறு என்பர் சிலர்.

அழுக்காறு எங்கே பிறக்கின்றது? ‘கற்று முடித்துவிட்டோம்’ என்னும் எண்ணத்தில்தான் என்பது நம் துணிபு. கற்று முடித்தவனுக்கு மாணவன் போட்டியாளன். கற்றுக்கொண்டே இருப்பவனுக்கு அவன் வழித்துணை. சென்ற ஆண்டு நம் இல்லத்துக் கதவைச் செப்பனிட வந்த முதிய ஆசாரியிடம் இதனைக் கண்டோம். மழையில் ஊறிப் பருத்த பலகையை விரலால் தடவியே, எங்கு இழைக்க வேண்டும் என்று தம் சீடனுக்குக் காட்டினார். மின் இழைப்புளியை எடுத்தபோதோ, “மோனே, இதை எனக்கு நீ படிப்பிச்சுத் தா” என்று அவனிடமே கேட்டார். அக்குரலில் கூச்சம் சிறிதும் இல்லை.

நாமோ நாணினோம். அதற்குச் சில திங்கள் முன்புதான், கோப்புகள் யாவும் கணினிக்கு மாறிவிட்ட நம் அலுவலகத்தில், புதிதாய்ச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நாம் ஒரு நாள் முழுதும் செய்யும் வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்தார். அவர் விதிகளில் ஐயம் கேட்டபோது பாதியைச் சொல்லி மீதியை மறைத்தோம். அவர் எழுதிய குறிப்பு பிழைபட்டது. மேலதிகாரியின் கண்டனமும் அவருக்கே வந்தது. நம் கையிலும் ஓர் உளி இருந்தது; அது தானாக நழுவவில்லை.

கதவு செப்பமான மறுநாள் அவரிடம் உண்மையைக் கூறினோம். இருபது ஆண்டுகளாக நாம் எழுதிச் சேர்த்த விதிக்குறிப்பேட்டைக் கொடுத்து, கணினி வேலையைக் கற்றுத்தருமாறு கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், நாற்காலியை நம் பக்கம் இழுத்துப்போட்டு அமர்ந்தார்.

பெருந்தச்சனின் உடன்பிறந்தாருள் வள்ளோன் என்பவரைத் திருவள்ளுவரே எனக் கொள்வாரும் இந்நாட்டில் உளர். அது மக்கள் வழக்கேயன்றி வரலாறு அன்று. எனினும், மக்கள் தம்மினும் அறிவிற் சிறத்தல் உலகுக்கே இன்பம் என்று கண்டவரையும், உளி வீழ்த்திய தச்சரையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக்கிய அக்கற்பனை ஆழமானது. அவ்விருவரும் நம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் குடியிருக்கின்றனர்.

பிழைப்பு நாடி இங்கு வந்த நமக்குக் கடைப்பலகையின் மலையாள எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்றுத்தருவோர் இன்று நம் பிள்ளைகளே. நாம் அவர்களுக்குத் தமிழைத் தருவோம். அவர்கள் தருவதைத் தயங்காது பெறுவோம். அவர்கள் நம்மினும் உயரும் நாளில் கையிலுள்ள உளியை இறுகப் பற்றிக்கொள்வோம்!