கொலைக்குக் காலாவதி உண்டா?

மேற்கு ஜெர்மனியின் அன்றைய சட்டப்படி, கொலைக்கு 20 ஆண்டுகளுக்குள் வழக்கு தொடங்கியாக வேண்டும். நாஜி ஆட்சி வீழ்ந்தது 1945 மே 8. அப்படியென்றால் 1965 மே மாதத்துக்குப் பிறகு, அதுவரை சிக்காத கொலைகாரன் பக்கத்துத் தெருவிலேயே இருந்தாலும் தொட முடியாது.

இந்தக் காலவரம்பை நீட்டியே தீர வேண்டும் என்று நின்றவர் எர்ன்ஸ்ட் பெண்டா. 40 வயது வழக்கறிஞர், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி உறுப்பினர். அவர் கட்சியின் தலைமையில் இருந்த அமைச்சரவையே நீட்டிப்பு வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தது. 1965 மார்ச் 10 அன்று நாடாளுமன்றத்தில் அவரை எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் தாமஸ் டேலர், முன்னாள் சட்ட அமைச்சர். இவரை நாஜி அனுதாபி என்று ஒதுக்கிவிட முடியாது. யூத மனைவியை விவாகரத்து செய்ய மறுத்து, கட்டாய உழைப்பு முகாமுக்குப் போனவர். சட்டத்தைப் பின்தேதியிட்டு மாற்றினால் அது சட்ட ஆட்சியே இல்லை என்பது அவர் வாதம்.

முதலில் படித்தபோது என் மனசு டேலர் பக்கம்தான் சாய்ந்தது. ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றக் கூடாது, இல்லையா? ஆனால் யோசித்துப் பாருங்கள். 1943லும் கொலை குற்றம்தான். எது குற்றம், என்ன தண்டனை என்பதில் எதுவும் மாறவில்லை. எத்தனை நாள் தேடுவோம் என்பது மட்டுமே மாறுகிறது. காலவரம்பு என்பது அரசு தனக்குப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. கொலைகாரனுக்குக் கொடுத்த வாக்கு அல்ல.

அப்படியானால் டேலரின் பயம் வீணா? இல்லை. அது வேறொரு இடத்தில் பலித்தது. 1965இல், கணக்கை 1950இலிருந்து தொடங்கலாம் என்று சபை முடிவு செய்து 1969 இறுதிவரை அவகாசம் வாங்கியது. ஆனால் 1968இல், அபராதம் விதிக்கும் சிறு விதிமீறல்கள் தொடர்பான ஒரு துணைச் சட்டம் நிறைவேறியது. அதில் ஒரு விதி, கொலைக்குத் துணைபோனவரிடம் இழிந்த உள்நோக்கம் இருந்ததாக நிரூபிக்க முடியாவிட்டால் தண்டனையைக் குறைத்தது. தண்டனை குறைந்ததால் காலவரம்பும் 15 ஆண்டாகச் சுருங்கியது. அதாவது 1960லேயே முடிந்துபோனதாக ஆகிவிட்டது! பெர்லின் தலைமை அலுவலகங்களில் உட்கார்ந்து கொலைகளுக்குக் கோப்பு நகர்த்தியவர்கள் பலர் தப்பினார்கள். அப்போது பெண்டா உள்துறை அமைச்சர். அவர் இருந்த சபையிலேயே இது விவாதமில்லாமல் போயிற்று.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது புரியும்: பெரிய மாற்றத்தைப் பத்துப் பேர் அலசுவார்கள், ஒற்றை வரி மாற்றத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். சட்டத்தை மாற்றுவது அறமா என்ற கேள்வியோடு, எப்படி மாற்றினார்கள் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. 1965இல் நீட்டியவர்கள் காரணத்தைச் சொல்லி, எதிர்வாதத்தைக் கேட்டு, பெயர் தெரிய நின்றார்கள்.

1979 ஜூலை 3 அன்று கொலைக்கான காலவரம்பே நீக்கப்பட்டது. ஆதரவு 255, எதிர்ப்பு 222. எனக்கு அந்த 255 எவ்வளவு முக்கியமோ, அந்த 222ம் அவ்வளவு முக்கியம். இத்தனை பேர் எதிர்த்துப் பார்த்த பிறகும் நின்ற மாற்றம் அது.