எழுதினதை யாருக்குக் காட்டுவது?



ஊழியக்காரன் டைரி எழுதலாமா என்றால், தாராளமாய் எழுதலாம். ஆபகூக் 2:2-ல் தரிசனத்தை எழுதச் சொன்னவர் கர்த்தர்தானே! எழுதினதை யாருக்குக் காட்டுவது என்பதில்தான் எனக்குப் போராட்டம்.

செவ்விந்தியர் நடுவே ஊழியம் செய்த டேவிட் பிரெய்னார்டை அறிந்திருப்பீர்கள். 1747-ல், 29 வயதில், காசநோயால் ஜோனத்தான் எட்வர்ட்ஸ் வீட்டில் மரித்தார். அவருடைய டைரியை எட்வர்ட்ஸ் 1749-ல் அச்சிட்டார். அதைப் படித்துத்தான் ஹென்றி மார்ட்டின் உள்ளத்தில் அக்கினி பற்றியது. 1806-ல் இந்தியாவுக்கு வந்து, புதிய ஏற்பாட்டை உருதுவிலும் பாரசீகத்திலும் மொழிபெயர்த்தார். அந்த டைரி பெட்டிக்குள்ளேயே கிடந்திருந்தால்?

ஆனால் பிரெய்னார்ட் தன் சோர்வையும் கண்ணீரையும் அச்சுக்காக எழுதவில்லை. ஆரம்பகால நோட்டுகள் இரண்டை அழித்துவிடவும் செய்தார். ஜார்ஜ் விட்பீல்டு அப்படியல்ல. 1738 முதல் எழுத எழுதவே அச்சிட்டார். சக ஊழியரைக் குறித்து அவசரப்பட்டு எழுதியவையும் அதோடே போய்விட்டன. பிறகு மனம் வருந்தி, 1756-ல் பல இடங்களை வெட்டித் திருத்தி வெளியிட்டார். முதலில் போனது போனதுதானே.

நம் பத்திரிகை வேலை பார்க்கிற தம்பி ஒருநாள், "பாஸ்டர், உங்க டைரியிலேர்ந்து மாசம் ரெண்டு பக்கம் குடுங்க, ஜனங்க ஆசீர்வதிக்கப்படுவாங்க"ன்னு கேட்டார். நல்ல வாஞ்சைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு சகோதரியின் புருஷன் குடியை விட்டான் என்று வைத்துக்கொள்வோம். (யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, எந்தச் சபையிலும் உள்ளதுதான்.) அல்லேலூயா, அருமையான சாட்சி! பேரைப் போடாமல் எழுதினாலும் எந்த வீடு என்று தெருவுக்கே தெரியும். பத்தாவது படிக்கிற பையன் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவான்? அவள் என்னிடம் அழுதது ஜெபத்துக்காக, என் எழுத்துக்காக அல்ல. அந்தச் சாட்சி அவளுடையது. அவளே எழுந்து நின்று சொன்னால் மகிமை கர்த்தருக்கு. நான் முந்திக்கொண்டால் மகிமையில் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். இப்போதெல்லாம் ஜெபக்குறிப்பு வாங்கும்போதே போட்டோ எடுத்து எல்லார் போனுக்கும் அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

சரி, என் சொந்த விஷயத்தை எழுதலாமே? அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நாளைக்கு நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்தால், "ஜெபத்தில் தூங்கி விழுந்தேன்" என்று எழுதவேண்டிய பேனா, "இரவெல்லாம் போராடினேன்" என்று எழுதப் பார்க்கும். பரிசேயன் தேவாலயத்தில் நின்று செய்ததை நான் நோட்டில் உட்கார்ந்து செய்வேன். பவுலைப் பாருங்கள், 2 கொரிந்தியர் 12. மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்டதை 14 வருஷம் கழித்துச் சொல்கிறார்; அதுவும் யாரோ ஒரு மனுஷனைப்போல. அங்கே கேட்டதையோ சொல்லவேயில்லை. நாமாயிருந்தால் அடுத்த வாரமே கன்வென்ஷன் போட்டிருப்போம்!

அதனால் இப்போது இரண்டு நோட்டு வைத்திருக்கிறேன். கறுப்பு அட்டையில் வேத தியானம், என் நடத்தை, என் பயம். அதில் வேறொருவர் பேர் வராது. பச்சை அட்டையில் உங்கள் பேர்களும் பாரங்களும். கறுப்பிலிருந்து எப்போதாவது ஒரு பக்கம் இங்கே வரலாம். பச்சையைக் குறித்து என் மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: நான் கர்த்தரிடத்தில் போனபிறகு பிரித்துப் பார்க்காமல் அடுப்பில் போட்டுவிட வேண்டும்.