ஏற்றத்தாழ்வும் காற்றும்

"ஐந்து விரலும் ஒன்றுபோலவா இருக்கின்றன?" என்று கேட்டு, மனிதருள் நிலவும் உயர்வு தாழ்வுக்கு நியாயம் கற்பிப்போர் நம்மிடையே உண்டு. இயற்கையே சமமாக இல்லாதபோது சமுதாயம் மட்டும் எவ்வாறு சமமாகும் என்பது அவர்தம் வாதம். இயற்கையைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் அதன் வாக்குமூலத்தை முழுவதும் கேட்டார்களா என்பதே நம் வினா. காற்றை விசாரித்துப் பார்ப்போம்.

சூரியன் பூமியை ஒரே சீராகச் சூடாக்குவதில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் கதிர்கள் ஏறத்தாழ நேராக விழுகின்றன. துருவங்களிலோ சாய்ந்து விழுந்து பரந்து வலுவிழக்கின்றன. ஒரே வெயில் படும் இடத்திலும் நிலம் விரைந்து கொதிக்கிறது. நீர் மெல்லச் சூடேறி மெல்லவே ஆறுகிறது. இவ்வேற்றுமையே காற்றுக்குத் தாய்.

செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவுதான். கோடை வெயிலில் உள்நாட்டு மண் காயும்போது, அதன்மேல் உள்ள காற்று விரிந்து இலேசாகி மேலெழுகிறது. அழுத்தம் குறைந்த அவ்விடத்தை நாடிக் கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று புறப்படுகிறது. மாமல்லபுரம் முதலில் குளிர்கிறது. செங்கற்பட்டு சற்றுக் காத்திருந்து தன் பங்கைப் பெறுகிறது. இரவிலோ நிலம் கடலைவிட விரைவில் ஆறிவிடுவதால், காற்று கரையிலிருந்து கடலுக்குத் திரும்புகிறது. பாய் விரித்தோடிய காலத்து மீனவர் கரைக்காற்றில் கடல் புகுந்து, கடற்காற்றில் கரை சேர்ந்தனர்.

இந்நியதியே பெரிய அளவில் நிகழும்போது பருவக்காற்று பிறக்கிறது. கோடையில் காய்ந்த ஆசிய நிலப்பரப்பு கடற்காற்றை ஈர்க்கிறது. குளிர்காலத்தில் காற்றைக் கடலுக்குத் திருப்பி விடுகிறது. பூமியின் சுழற்சி அதன் திசையை வளைக்கிறது. வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் வடகிழக்குக் காற்றே மதுராந்தகம் ஏரியையும் கொளவாய் ஏரியையும் நிரப்புகிறது. இக்காற்றுகளை நம்பிக் கலம் செலுத்திய அரபு மாலுமிகள் பருவத்தை 'மவ்ஸிம்' என்றனர். 'மான்சூன்' என்னும் சொல் அதன் வழிவந்ததே. இவற்றுக்குச் சூரிய வெப்பமே காரணம் என்று எட்மண்ட் ஹாலி 1686-இல் எழுதினார்.

ஆக, வேற்றுமை இல்லையேல் காற்றில்லை; காற்றில்லையேல் மழையில்லை. அப்படியானால் விரல்காட்டி வாதிட்டோர் வென்றுவிட்டனரா? இல்லை. இயற்கை வேற்றுமையை உண்டாக்கியதோடு நின்றுவிடவில்லை. அதைக் குறைக்க ஓயாது இயங்குகிறது. மிகுந்த இடத்து வெப்பத்தைக் குறைந்த இடத்துக்குச் சுமந்து செல்லும் பயணமே காற்று. சூரியன் கொடுத்ததைத் தன்னிடமே தேக்கி வைத்துக்கொள்ளும் உரிமை எந்த நிலத்துக்கும் இல்லை. பூட்டிய பெட்டகத்துக்கு இயற்கையில் உவமை தேடுவோர் காற்றிடம் அதைக் காணமாட்டார்.

எனினும் காற்றை அறத்தின் ஆசானாகக் கொள்வதும் பிழையே. 2022 டிசம்பர் 9-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. அதன் வேகம் மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர். கடல்நீர் சேமித்த வெயிலே புயலுக்கும் உணவு. இத்தகைய காற்றுக்குக் கருணையும் தெரியாது, பகையும் தெரியாது. அது மாடி வீட்டின் மீதும் வீசுகிறது. கீற்றுக் குடிசையின் மீதும் வீசுகிறது. ஒருவர் சன்னலைச் சாத்திவிட்டு உறங்குகிறார். மற்றவர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். காற்று இருவர்க்கும் ஒன்றே, கூரைதான் ஒன்றல்ல. அந்த வேற்றுமையைச் சூரியன் செய்யவில்லை, நாம் செய்தோம். நாம் செய்ததற்கு இயற்கையின் மீது பழிபோடுவது எவ்வகையில் நேர்மை?

வேற்றுமை வேறு, அநீதி வேறு. முன்னது இயற்கையின் ஏற்பாடு. பின்னது அந்த ஏற்பாட்டின் போர்வையில் ஒளிந்துகொள்ளும் மனிதச் செயல். விரல்கள் ஒன்றுபோல் இல்லை என்பது மெய்தான். ஆயினும் சிறுவிரல் சிறியது என்பதற்காக உடல் அதற்கு இரத்தம் தர மறுப்பதில்லை.