கொரிந்து சபையில் பேசிய பெண்கள்

சபையில் பெண்கள் பேசக்கூடாது என்போர் முதலில் காட்டுவது, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தை. அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரத்திலோ, ஜெபம்பண்ணுகிற, தீர்க்கதரிசனம் சொல்லுகிற பெண் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார். வாயே திறக்கக் கூடாதவளுக்கு முக்காட்டு விதி எதற்கு? ஆகவே அந்தத் தடை, கூட்டத்தில் எழுந்த ஒரு குழப்பத்தை அடக்க வந்தது என்று கொள்வதே பொருந்துகிறது. அர்த்தம் சொல்ல ஆளில்லாவிட்டால் அந்நிய பாஷை பேசுவோரும் மௌனமாயிருக்க வேண்டும் என்று அதே அதிகாரம் சொல்கிறது. அவர்களை யாரும் நிரந்தரமாக வாயடைத்துவிடவில்லையே.

தீமோத்தேயுவுக்கான முதல் நிருபம் இன்னும் கடினம். ஆதாமே முதலில் உருவாக்கப்பட்டான் என்று அது காரணம் சொல்வதால், பெண் போதிக்கக்கூடாது என்பது எக்காலத்துக்கும் உரியது என்கிறார்கள். வலுவான வாதம்தான். ஆனால் முக்காட்டுக்கும் பவுல் காட்டுவது படைப்பின் வரிசையையே. அதோடு நிற்காமல், ஆணும் பெண்ணால்தான் பிறக்கிறான் என்று தராசைச் சமன்செய்கிறார். நம் பெந்தெகொஸ்தே சபைகளில் முந்தானை இன்னும் தலையில் இருக்கிறது. அந்தச் சபைகளிடம் ஒரு நேர்மை உண்டு. முக்காட்டை அக்கால வழக்கம் என்று கைவிட்டுவிட்டு, போதிப்பதற்கான தடையை மட்டும் கெட்டியாகப் பிடித்திருக்கும் சபைகள்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தத் தடையையும் விட்ட சபை உண்டு: தென்னிந்தியத் திருச்சபை 2013இல் ஒரு பெண்ணையே பேராயராக்கியது. வீட்டில் மனைவி மட்டும் அடங்கியிருக்க வேண்டும் என்ற வாதம் இன்னும் மெலிந்தது: எபேசியர் 5ஆம் அதிகாரத்தில் மனைவியின் கீழ்ப்படிதலுக்கு முந்தைய வசனம், ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது.