தெளிந்த நீரும் மனச்சாட்சியும்



தாகமாயிருப்பவருக்குத் தண்ணீர் கொடுப்பது இரக்கச் செயல்களுள் ஒன்றெனச் சிறு வயதிலேயே ஞானோபதேச வகுப்பில் படித்தோம். ஆனால் வெள்ளம் வடிந்த மறுநாள் கிணற்றில் அள்ளிய நீரைக் காய்ச்சாமலே அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தால், அதுவும் இரக்கச் செயலாகுமா?

"தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறதே, பாட்டன் காலத்துக் கிணறு, சுவாமி" என்பீர்கள். வெள்ளத்தின்போது மலசலகூடக் குழியின் நீரும் கிணற்று நீரும் கலந்துவிடுகின்றன. நெருப்புக்காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் தரும் கிருமி கண்ணுக்குத் தெரியாது. நீர் தெளிந்தாலும் அது போய்விடுவதில்லை.

அறநெறி இறையியலில் அறியாமையை இரண்டாகப் பிரிப்பர். நீக்க முடியாத அறியாமை குற்றமாகாது. முயன்றால் நீங்கக்கூடியதை நீக்காமல் இருப்பது குற்றமே. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வந்து சொன்ன பின்பும் "எனக்குத் தெரியாது" என்பவர் இதில் எந்த வகை?

நல்லெண்ணமும் போதாது. 2004 மார்கழி 26இல் வந்த ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரையில் ஆயிரக்கணக்கான கிணறுகள் உவராயின. அவற்றைச் சுத்தமாக்கவென்று பலர் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். கரையோர மணலில் நன்னீர், உவர்நீரின் மேல் ஒரு படையாகவே மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே ஏறும். சில இடங்களில் அப்படியே நடந்தது. ஆயினும் அந்நாட்களில் பெரிய கொள்ளைநோய் எதுவும் பரவவில்லை. பவுசரில் வந்த நீரும், குளோரினும், காய்ச்சிக் குடித்தலும் அதற்குப் பெரிதும் உதவின.

குளோரின் மணக்கிறது, கொதித்தாறிய நீர் சப்பென்று இருக்கிறது என்ற முறைப்பாடு உண்மைதான், எனக்கும் பிடிப்பதில்லை. சுத்தமான இரு பாத்திரங்களில் மாறி மாறி ஊற்றினால் சுவை ஓரளவு திரும்பும். நன்றாகக் குமிழியிட்டு ஒரு நிமிடம் கொதித்தால் போதும். குளோரின் இட்டால் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். இரண்டுமே உப்பைப் போக்கமாட்டா.

ஒன்று மட்டும் என் மனதை உறுத்துகிறது. முகாமில் ஈர விறகை ஊதி ஊதிக் களைத்த ஒரு தாய், அழுகிற பிள்ளைக்குக் காய்ச்சாத நீரையே கொடுத்துவிட்டால் அவளைக் குற்றவாளி என்பேனா? மாட்டேன். அவளிடம் அறிவு இருக்கிறது, விறகுதான் இல்லை. அப்போது பொறுப்பு, குசினியில் காய்ந்த விறகு அடுக்கி வைத்திருக்கும் நம்மிடம் வந்துவிடுகிறது. அடுத்த மாரியில் முகாமுக்கு உடுப்புப் பொதி கட்டுவீர்கள் அல்லவா? அதனுடன் ஒரு கட்டு விறகையும் மூடியுள்ள பாத்திரம் ஒன்றையும் அனுப்பிவையுங்கள்.